24 டியூப் பெட்டி தேவையா?

கேள்வி: பாட்டியின் முகத்தை எண்ணெய் வண்ணத்தில் தத்ரூபமாகத் தீட்டக் கற்றுக்கொள்ள ஆசை. வேலூர்க் கடையில் 24 டியூப் பெட்டியைக் காட்டுகிறார்கள். வாங்கலாமா? போன வாரம் அங்கே வாங்கிய வெள்ளை டியூப் திறக்கும்போதே இறுகியிருந்தது. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்று பில்லைக் காட்டி மறுத்துவிட்டார்கள்.
- வாசகர், குடியாத்தம்

பதில்: பெட்டி வேண்டவே வேண்டாம். முகம் பழகுகிறவருக்கு அதில் பாதி நிறம் திறக்கப்படாமலே கிடக்கும். அந்தப் பணத்துக்குத் தரமான நான்கு டியூப் வாங்குங்கள்: டைட்டானியம் வெள்ளை, யெல்லோ ஆக்கர் எனப்படும் காவி மஞ்சள், ஒரு சிவப்பு, ஐவரி கறுப்பு. வெள்ளை மட்டும் பெரிய டியூபாக இருக்கட்டும். ஸ்வீடன் ஓவியர் ஆண்டர்ஸ் சோர்ன் (1860–1920) பெயரால் இன்றும் வழங்கும் நிறக்கூட்டு இது.

நீலத்துக்கு எங்கே போவது என்பீர்கள். ஐவரி கறுப்பில் வெள்ளை சேர்த்தால் நீலம் ஓடிய சாம்பல் வரும்; காவி மஞ்சள் சேர்த்தால் மங்கிய பச்சை. அந்தப் பச்சையில் துளி சிவப்பு விட்டால் தாடைக்கடியில் விழும் நிழல் கிடைத்துவிடும். நம் மாநிற முகத்தில் வெளிச்சம் காட்ட வெள்ளையை அள்ளிப் பூசினால் திருநீறு அப்பியதுபோல் வெளிறிவிடும். காவி மஞ்சளாலும் சிவப்பாலும் வெளிச்சத்தை ஏற்றிவிட்டு, மூக்கு நுனியிலும் கன்ன மேட்டிலும் மட்டும் வெள்ளையைக் கூட்டுங்கள்.

சிவப்பு டியூபில் ‘காட்மியம் ரெட் ஹியூ’ என்றிருந்தால் உள்ளே இருப்பது மாற்று நிறமி. பழகுவதற்கு அது போதும். அசல் காட்மியத்தின் விலையைக் கொடுத்துவிடாதீர்கள். எந்த டியூபையும் கடையிலேயே மெல்ல அழுத்திப் பாருங்கள், அடிமுதல் கழுத்துவரை நெகிழ வேண்டும். வண்ணத்தில் கலக்க, ஹார்டுவேர் கடையில் கதவுக்குப் பூச விற்கும் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயை வாங்காதீர்கள், படம் நாளடைவில் பழுப்பேறும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானே சூடேறித் தீப்பற்றக்கூடும். வேலூர் வெயிலில் கேட்கவே வேண்டாம். விரித்து உலர்த்துங்கள்.

இறுகிய டியூபை விட்டுவிடாதீர்கள். பில்லில் அச்சிட்ட அந்த வரி குறையுள்ள பொருளுக்குச் செல்லாது. பில்லில் கெடு குறிப்பிடாவிட்டால், 30 நாட்களுக்குள் அதைத் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை. டியூபையும் பில்லையும் படமெடுத்து வைத்துக்கொண்டு, கடைக்காரரிடம் எழுத்தில் கேளுங்கள். இசையாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். அதன் பிறகும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. இவ்வளவு சிறிய தொகைக்கான புகாருக்கு அங்கே கட்டணம் கிடையாது.