சுங்கை மூடா தண்ணீருக்காக பினாங்கு கெடாவுக்குப் பணம் கட்ட வேண்டுமா?

மூடா ஆற்றுத் தண்ணீருக்காக மலேசியாவின் பினாங்கு மாநிலம் ஆண்டுக்கு 5 கோடி வெள்ளி (ரிங்கிட்) தர வேண்டும் என்று அண்டை மாநிலமான கெடா கேட்பது நியாயமா என்று கேட்டிருக்கிறீர்கள். தண்ணீருக்கு விலை என்றால் நியாயமில்லை. காட்டைக் காக்க என்றால் நாம் கொடுக்கத்தான் வேண்டும். பினாங்கின் பட்டர்வொர்த்தில் குடியிருப்பவனாக இதைச் சொல்கிறேன்.

பினாங்கின் தண்ணீரில் 80 விழுக்காட்டுக்கும் மேல் இந்த ஒரே ஆற்றிலிருந்து வருகிறது. லஹார் தியாங் பக்கம் போய் நின்று பாருங்கள். இந்தக் கரை பினாங்கின் செபராங் பிறை, எதிர்க்கரை கெடா. மழை பெய்த மறுநாள் தண்ணீர் தேத்தாரே என்னும் பால் தேநீரின் நிறத்தில் ஓடும். நம் கரையில் எடுப்பதுதான் சுங்கை டுவா சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது. எங்கள் எல்லைக்குள் எடுக்கும் தண்ணீருக்கு எதற்குப் பணம் என்கிறது பினாங்கு அரசு. சரியான கேள்விதான். பகாங் மாநிலத் தண்ணீர் சிலாங்கூர் மாநிலத்துக்கு வருவது வேறு கதை. அங்கே தித்திவங்சா மலையைக் குடைந்து 44.6 கிலோமீட்டர் சுரங்கம் போட்டு, ஒப்பந்தம் எழுதி, காசு பேசித்தான் கொண்டுவருகிறார்கள். மூடா அப்படியில்லை, தானாக நம் எல்லைக்கு வந்து சேரும் ஆறு.

ஆனால் அது பிறப்பது கெடாவின் உலு மூடா காட்டில். நம் நாட்டின் நெற்களஞ்சியமான கெடாவின் வயல்களும் அதே காட்டை நம்பித்தான் இருக்கிறது. நம் அரசியலமைப்பில் நிலமும் காடும் மாநிலத்தின் அதிகாரம். 2005 திருத்தத்தில் கூட்டரசுக்கும் (மத்திய அரசுக்கும்) பங்கு கிடைத்தது குழாய்த் தண்ணீர் விநியோகத்தில்தான். அதனால் மரத்தை வெட்டினால் கெடாவுக்கு வருமானம், வெட்டாமல் விட்டால் பெரிதாக ஒன்றும் இல்லை. காடு போனால் முதலில் தவிப்பது நாம். இந்த ஏற்பாட்டைத்தான் மாற்ற வேண்டும்.

2024 ஜனவரியில் வால்வு மாற்றும் வேலைக்காகச் சில நாள் தண்ணீரை நிறுத்தினார்களே, அப்போது எங்கள் அடுக்குமாடிக் கீழே தண்ணீர் லாரி வந்ததும் குடம், வாளி, பெரிய மைலோ டின் வரை வரிசையில் நின்றது. முன்கூட்டியே சொல்லிச் செய்த வேலைக்கே அந்தப் பாடு. ஆறே வற்றினால்?

காடுகளைக் காக்கும் மாநிலங்களுக்கு 2019 முதல் கூட்டரசு நிதி தருகிறது. ஆனால் அது பல மாநிலங்களுக்குப் பிரிந்து போகும் பணம். உலு மூடாவுக்கென்று தனியாக ஒரு தொகை வேண்டும். பெரும்பகுதியைக் கூட்டரசு போடட்டும், பினாங்கும் தன் பங்கைப் போடட்டும். நீர்ப்பிடிப்புப் பகுதியில் மரம் வெட்டவில்லை என்று உறுதியானால் மட்டுமே அந்த ஆண்டுக்கான பணம் போக வேண்டும். நம் தண்ணீர்க் கட்டணத்தில் அதற்காகக் கொஞ்சம் கூடினாலும் நான் மனதாரக் கட்டுவேன்.

பேராக் ஆற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவரும் திட்டம் இருக்கிறதே என்று சிலர் சொல்கிறார்கள். அதுவும் வேண்டியதுதான். ஆனால் அந்த ஆறும் இன்னொரு மாநிலத்துடையது, அங்கேயும் உட்கார்ந்து பேசித்தான் ஆக வேண்டும்.