வயா – ஒரு கடிதம்

அன்புள்ள அக்கா,

நண்பர்கள் சேர்ந்து ஒரு சிற்றிதழ் தொடங்குகிறோம். ‘வயா’ என்று பெயர் வைக்கலாமா? எழுத்தின் மேல் எங்களுக்கிருக்கும் தீராத வெறியைச் சொல்ல இதைவிடப் பொருத்தமான சொல் இல்லை என்று நினைக்கிறோம். ‘வயிறு’ என்பதிலிருந்து வந்த சொல்லா இது? என் கண்ணில் பட்டதே ஒரு வேடிக்கைதான். மனைவிக்கு ஐந்தாம் மாதம். பூஜை அறையில் விபூதியைத் திருட்டுத்தனமாக அள்ளித் தின்கிறாள். அவளைக் கேலி செய்துகொண்டே அகராதியைப் புரட்டியபோது கிடைத்த சொல்; மசக்கையில் வரும் தீராத ஆசைக்கும் அதுதான் பெயராம்.

ச.

அன்புள்ள ச.,

பொருள் சரிதான். ‘வயாஎன் கிளவி வேட்கைப் பெருக்கம்’ என்று தொல்காப்பியத்தின் உரியியல் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விடுகிறது. வயிற்றிலிருந்து வந்ததா என்பதை வேர்ச்சொல் ஆராய்கிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள். இதழ் நடத்த அது வேண்டியதில்லை. கர்ப்பிணிக்கு மட்டுமே உரிய சொல்லும் அல்ல. ஐங்குறுநூறு 51ஆம் பாட்டில் நீர்க்கோழிப் பேடைக்குத் தன் நீலச் சேவல் மேல் வயா.

உங்கள் ‘வேடிக்கை’யைத்தான் என்னால் தாண்டிப் போக முடியவில்லை. கொஞ்ச நாளாகவே புறநானூற்றின் 20ஆம் பாட்டு மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. குறுங்கோழியூர் கிழார் சேரன் மாந்தரஞ்சேரல் இரும்பொறையைப் பாடியது. உன் நிழலில் வாழ்கிறவர்களுக்குச் சோறு வேகும் தீயும் வெயிலும் தவிர வேறு சூடு தெரியாது, வானவில் தவிரக் கொலைவில் தெரியாது என்று அடுக்கிக்கொண்டே வந்தவர், ‘வயவுறு மகளிர் வேட்டுணின் அல்லது பகைவர் உண்ணா அருமண் ணினையே’ என்கிறார். உன் மண்ணைப் பகைவன் தின்ன முடியாது. மசக்கைக்காரிகள் ஆசைப்பட்டுத் தின்றால்தான் உண்டு. அரசனுக்கு முன்னால் நின்று, அவன் வீரத்தைப் புகழ, பெண்கள் மண் தின்பதை எடுத்துச் சொல்ல அந்த மனிதருக்குக் கூச்சமே இல்லை. வேடிக்கை என்றும் தோன்றவில்லை. உங்களுக்குத் தோன்றியிருக்கிறது.

என் சித்தி பிரசவத்துக்கு வந்திருந்தபோது பின்கட்டுச் சுவரைத் தின்றாள். செம்மண் பூசிய சுவர். மழை விட்டதும் அதிலிருந்து ஒரு வாசம் கிளம்பும். கதவுக்குப் பின்னால் நின்று நகத்தால் பெயர்த்து, கடைவாயில் ஒதுக்கிக்கொள்வாள். நான் பார்த்துவிட்டால் உதட்டில் விரலை வைப்பாள். நக இடுக்கில் சிவப்பைப் பார்த்துப் பாட்டி கண்டுபிடித்தாள். திட்டவில்லை, கைக்கு எட்டும் உயரம் முழுக்க வேப்பெண்ணெயைப் பூசிவிட்டாள். சித்தி தரையில் உட்கார்ந்து, எண்ணெய் படாத அடிச்சுவரைச் சுரண்டத் தொடங்கினாள். நிறைமாத வயிற்றோடு கீழே உட்கார்ந்து எழுவது லேசா? அந்த வீட்டில் எல்லாருக்கும் அது சிரிப்பாகத்தான் இருந்தது. வளைகாப்புக்குத் தட்டுத் தட்டாகச் சித்ரான்னம் வந்தது. உனக்கு என்ன வேண்டும் என்று மட்டும் அவளை ஒருவரும் கேட்கவில்லை. கண்ணின் கீழிமையை இழுத்துப் பார்த்து வெளுத்திருக்கிறது என்று சொன்னவள் ஊருக்கு வந்த நர்ஸ் ஒருத்திதான்.

உங்களுக்கு எழுத்தின் மேல் இருப்பது ஆர்வம், தம்பி. நல்ல விஷயம். நாளைக் காலை வேண்டாமென்று தோன்றினால் விட்டுவிடலாம், யாரும் கேட்கப்போவதில்லை. வயா கொண்டவளுக்கு அந்த வசதி கிடையாது. வெட்கமாக இருக்கும், ஒளிந்து கொள்வாள், ஆனாலும் கை தானாகப் போகும். ஒரு பக்கத்தில் அந்தச் சொல்லுக்கு உரை தேடிக்கொண்டு, மறுபக்கத்தில் அது வீட்டுக்குள்ளேயே நடமாடுவதைக் கேலி செய்கிறீர்கள். எனக்குக் கோபம்தான் வருகிறது.

பாட்டில் இருக்கிறதே என்று மண் தின்பதைக் கொண்டாடவும் கிளம்பிவிடாதீர்கள். மண், சாம்பல், விபூதி, பச்சரிசி என்று நாக்கு தேடுவது பல நேரம் இரும்புச்சத்துக் குறைவோடு சேர்ந்தே வருகிறது. தின்பதால் குறை தீராது. சில வகை மண் சாப்பாட்டிலுள்ள இரும்பையும் உடம்பில் சேரவிடாது, குடற்புழு வேறு. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் கர்ப்பிணிகளில் 52.2 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பாதிக்கு மேல்! எத்தனை வீட்டில் சிரித்துக்கொண்டிருக்கிறார்களோ.

அடுத்த தடவை மருத்துவமனைக்கு நீங்களும் கூடப் போங்கள். விபூதி சமாச்சாரத்தை உங்கள் மனைவி சொல்லக் கூசுவார்; கேலியில்லாமல் நீங்கள் எடுத்துக் கொடுங்கள். ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 11க்குக் கீழே இருக்கிறதா என்று பாருங்கள். இரும்பு மாத்திரை கொடுத்தால் காபி, டீயோடு விழுங்கவிடாதீர்கள். அந்த எண்ணை எனக்கு எழுதுங்கள். இதழின் பெயரை அப்புறம் பேசிக்கொள்ளலாம்.