மேலாளர் வீட்டு விருந்துக்குப் போகலாமா?

அன்புள்ள தம்பிக்கு,

ஆகஸ்டில் அமெரிக்காவின் ஹூஸ்டனில் வேலைக்குச் சேரப் போகிறீர்கள். மேலாளரும் அவருடைய கணவரும் முதல் ஞாயிற்றுக்கிழமையே வீட்டுக்குச் சாப்பிட அழைத்திருக்கிறார்கள். "சேலம் நெத்திமேட்டைத் தாண்டாதவன் நான். இரண்டு ஆண்கள் குடும்பம் நடத்தும் வீட்டுக்குப் போகலாமா அக்கா? போனால் என்ன பேசுவது? அந்த ஊர் மேயரே பெண்ணை மணந்த பெண் என்கிறார்களே, உண்மையா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

விடுமுறைக்கு ஏற்காட்டில் அப்பாவிடம் வந்திருக்கிறேன். வெளியே நல்ல மழை. நிதானமாகவே எழுதுகிறேன்.

முதலில், போங்கள். யோசிக்கவே வேண்டாம்.

மேயர் செய்தி உண்மைதான், ஆனால் பழையது. ஆனிஸ் பார்க்கர் 2010 ஜனவரி முதல் 2016 ஜனவரி வரை ஹூஸ்டன் மேயராக இருந்தார். அப்போது பதவிக்காலம் இரண்டு ஆண்டு. மூன்று முறைக்கு மேல் இருக்க முடியாது. மூன்றிலும் வென்றார். நம் சேலத்தில் மாமன்ற உறுப்பினர்கள் கூடி மேயரைத் தேர்ந்தெடுக்கிறார்கள், நிர்வாகம் ஆணையர் கையில் இருக்கிறது. அங்கே மக்களே நேரடியாக வாக்களிக்கிறார்கள், நிர்வாகத் தலைமையும் மேயர்தான். 20 லட்சம் பேருக்கு மேல் வாழும், அமெரிக்காவின் நான்காவது பெரிய நகரம் அது. தன்பாலீர்ப்பாளர் என்று வெளிப்படையாக அறியப்பட்ட ஒருவரை அவ்வளவு பெரிய அமெரிக்க நகரம் மேயராக்கியது அதுவே முதல் முறை.

2009 டிசம்பரில் அந்த முடிவு வந்தபோது நான் ஹூஸ்டனுக்கு வந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர் ஒரு பெண்ணோடு வாழ்வதையே குற்றமாக்கித் துண்டுப் பிரசுரங்கள் பரவின. அப்படியும் சுமார் 53 சதவீத வாக்குகளுடன் வென்றார். அன்றிரவு அப்பாவிடம் தொலைபேசியில் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அப்பா முப்பது ஆண்டுகள் நாகலூர்ப் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்தில் கணக்கு எழுதியவர். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"இதற்கு முன்னால் என்ன வேலை பார்த்தாராம்?"

"ஆறு வருடம் மாநகராட்சிக் கணக்கைப் பார்த்தார் அப்பா. அதற்கும் தேர்தல் உண்டு. கஜானாவில் பணம் இருக்கிறது என்று அவர் கையெழுத்துப் போட்டால்தான் செலவு நகரும்."

"கணக்கில் ஏதாவது இடறலா?"

"நான் கேட்டவரை இல்லை."

"அப்புறம் என்னம்மா" என்றார். எனக்கு அன்றைக்குத்தான் மூச்சு வந்தது.

பார்க்கர் அந்த இடத்துக்கு எளிதாக வந்துவிடவில்லை. பிறந்ததே ஹூஸ்டனில்தான், 1956இல். ரைஸ் பல்கலைக்கழகத்தில் படித்தார். எண்ணெய், எரிவாயுத் துறையில் இருபது ஆண்டுகள் வேலை பார்த்தார்; தோழி ஒருவருடன் சேர்ந்து புத்தகக் கடையும் நடத்தினார். தன்பாலீர்ப்புள்ள மாநகராட்சி ஊழியர்களுக்கு வேலைப் பாதுகாப்பு கொடுத்த விதியை 1985இல் நகர மக்கள் வாக்குப் போட்டுத் தூக்கியெறிந்தார்கள். எதிர்த்தவர்கள் ஆதரித்தவர்களைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு. அந்தத் தோல்வி ஆறாத காலத்தில்தான் அங்குள்ள தன்பாலீர்ப்பாளர்களின் அரசியல் அமைப்புக்குத் தலைவரானார். மாமன்றத் தேர்தலில் 1991இலும் 1995இலும் தோற்றார். 1997இல் வென்றார். மறைத்திருந்தால் முன்பே வென்றிருக்கலாம் என்று சொன்னவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர் மறைக்கவில்லை. இந்த ஒன்றுக்காகவே அவரை நான் மதிக்கிறேன்.

மேயரான பிறகு ஊர் அவரிடம் சண்டை போட்டது எதற்காக என்கிறீர்கள்? வடிகாலுக்காக. மழை பெய்தால் திருமணிமுத்தாறு ததும்பி கிச்சிப்பாளையம் என்ன பாடுபடும் என்பது உங்களுக்குத் தெரியும். ஹூஸ்டனும் அப்படித்தான் வெள்ளத்தில் மிதக்கும். 2010இல் வடிகால் கட்டணத் திட்டம் வாக்கெடுப்புக்கு வந்தது, அவர் அதை ஆதரித்தார், மயிரிழையில் நிறைவேறியது. வாக்குச்சீட்டின் வாசகம் கட்டணத்தைத் தெளிவாகச் சொல்லவில்லை என்று பின்னாளில் டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் குறை கண்டது. அந்தக் குறை நியாயம்தான்.

ஆனால் எல்லோரும் மனம் மாறிவிட்டார்கள் என்று எண்ணிக்கொண்டு போகாதீர்கள். 1990 முதல் கூட வாழ்ந்த கேத்தி ஹப்பர்டை மணக்க, 2014 ஜனவரியில் மேயர் கலிபோர்னியாவுக்குப் போக வேண்டியிருந்தது. அவர் ஆண்ட நகரம் இருக்கும் மாநிலம் அந்தத் திருமணத்தை ஏற்கவில்லை. அதே ஆண்டு அவர் கொண்டுவந்த சமத்துவ விதி இனம், வயது, தன்பாலீர்ப்பு என்று எதைக் காட்டியும் பாகுபாடு செய்யக் கூடாது என்றது. அதைத் தொடர்ந்த வழக்கில் மாநகராட்சி வழக்கறிஞர்கள் போதகர்களின் பிரசங்கங்களை ஒப்படைக்கச் சொன்னார்கள்; அது தவறு, பிறகு திரும்பப் பெற்றார்கள். 2015 நவம்பரில் 61 சதவீதம் பேர் அந்த விதியை நீக்க வாக்களித்தார்கள். அந்த விதியால் ஆண்கள் பெண்கள் கழிப்பறைக்குள் நுழைந்துவிடுவார்கள் என்று பயமுறுத்திய பிரசாரத்தை நம்மவர்களும் சிலர் நம்பினார்கள். எனக்கு அது இன்னும் வலிக்கிறது.

வலிக்கக் காரணம் இங்கே இருக்கிறது, தம்பி. என்னோடு சேலத்தில் கல்லூரியில் படித்த நண்பன் ஒருவன், ஏற்காடு பஸ்ஸில் வரும்போது, தனக்குப் பெண்கள் மேல் நாட்டமில்லை என்று சொன்னான். நான் ஜன்னல் பக்கம் திரும்பி, இது எத்தனையாவது கொண்டை ஊசி வளைவு என்று கேட்டேன். அதன் பிறகு அவன் என்னிடம் எதுவும் சொன்னதில்லை. 2018 செப்டம்பர் 6 அன்று, அவனைப் போன்றவர்கள் குற்றவாளிகள் இல்லை என்று நம் உச்ச நீதிமன்றம் சொன்ன நாளில், மன்னிப்புக் கேட்டு எழுதினேன். பதில் வர ஒரு மாதம் ஆனது. ஆனாலும் வந்தது.

ஆகவே அந்த வீட்டில் நீங்கள் பேச்சை மாற்ற வேண்டியதில்லை. அவர் "என் கணவர்" என்றால் நீங்களும் "உங்கள் கணவர்" என்றே சொல்லுங்கள்; நண்பர் என்று குறைக்காதீர்கள். எப்படிச் சந்தித்தீர்கள் என்று கேட்கலாம், எந்தத் தம்பதியிடமும் கேட்பது போல. உங்களில் யார் மனைவி என்று மட்டும் கேட்கவே கேட்காதீர்கள். அலுவலகத்தில் அவராகச் சொல்லாத எதையும் நீங்கள் சொல்ல வேண்டாம். படம் எடுத்தால் கேட்டுவிட்டு ஊருக்கு அனுப்புங்கள். அம்மாவிடம் மறைக்காமல் சொல்லிவிட்டுப் போங்கள். தெரியாமல் போனால்தான் அது தப்பான காரியம் போல ஆகிவிடும்.

வெறுங்கையோடு போக வேண்டாம். வியாழக்கிழமை சேலத்துக்கு இறங்குகிறேன். வறுத்து அரைத்த காப்பித் தூளும், சில்வர் ஓக் மரத்தில் ஏறிய எங்கள் மிளகில் கால் கிலோவும் கொண்டுவந்து தருகிறேன். பொட்டலத்தின் மேல் இருவர் பெயரையும் எழுத வேண்டும் என்று அப்பா பேனாவோடு உட்கார்ந்திருக்கிறார். மேலாளரின் பெயரைச் சொல்லிவிட்டீர்கள். அவருடைய கணவரின் பெயர் என்ன?