படைப்புக் கதை படித்தால் வேலை உண்டா?

உலகம் உண்டான விதம் பற்றி ஒவ்வொரு சமூகமும் சொல்லும் கதைகளை ஆராயப் போகிறேன் என்கிறாள் மகள். கணினிப் பொறியியல்தான் என்று பெரியப்பாவும் மாமாவும் ஒரே பிடியாக நிற்கிறார்கள். "நீங்கள் பக்குவமாகப் பேசி மனதை மாற்றுங்கள் சார்" என்று எழுதியிருக்கிறார் ஒரு தந்தை. அவள் நேரத்தை வீணாக்குவதற்குச் சாட்சியாக, நோட்டின் இரண்டு பக்கங்களைப் படம் எடுத்தும் அனுப்பியிருந்தார்.

ஐயா, ஆறுதல் சொல்லத்தான் உட்கார்ந்தேன். நோட்டைப் பார்த்தபின் உங்கள் கட்சியில் என்னால் பேச முடியவில்லை.

நீருக்கடியில் முங்கி மண் எடுத்து வந்து நிலம் உண்டாக்கும் கதை வட அமெரிக்காவிலும் உண்டு, சைபீரியாவிலும் உண்டு. உங்கள் மகள் அதற்குக் கட்டம் போட்டிருக்கிறாள்: முங்கியது நீரெலியா, வாத்தா; கதை சொன்னவர் யார்; எழுதிக்கொண்டவர் யார்; எந்த மொழியில். சொன்னவர் பெயர் பல வரிசைகளில் காலி. அங்கெல்லாம் சிவப்பு மையில் கேள்விக்குறி. கதையை ரசிக்க ஆயிரம் பேர் உண்டு. சொன்னது யார் என்று கேட்கும் புத்தி எல்லோருக்கும் வராது.

அந்தக் கேள்விக்குறியின் கனம் தெரிய வேண்டுமா? 1946-இல் பிரெஞ்சு மானுடவியலாளர் மார்செல் கிரியோல், மாலி நாட்டு டோகோன் மக்களில் ஒகொதெம்மெலி என்ற பார்வையற்ற முதியவரிடம், மொழிபெயர்ப்பாளர் மூலம் 33 நாள் கேட்டு ஒரு படைப்புக் கதையை எழுதினார். உலகப் புகழ் பெற்றது. பின்னாளில் அதே மக்களிடையே களஆய்வு செய்த வால்டர் வான் பேக், அந்தக் கதை அங்கே தமக்குத் தென்படவே இல்லை என்று 1991-இல் எழுதினார். இன்றும் அதில் வாதம் நடக்கிறது.

பெரியப்பா சொல்லும் படிப்பில் குற்றமில்லை. பிடித்தவர்கள் படிக்கட்டும். சொந்தக்காரர் வாயை அடைக்க வாங்கும் பட்டம்தான் இருப்பதிலேயே செலவு கூடியது. அரியர் எழுதும் வருடங்களையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பேராசிரியர், எழுத்தாளர் என்ற வழிகள் எல்லோருக்கும் தெரிந்தவை, விடுவோம். மொழியியல் படித்து, மொழி ஆவணப்படுத்தலில் இறங்கும் வழியை யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். பேசுவோர் குறைந்துவரும் மொழிகளில் பெரியவர்கள் சொல்லும் கதைகளை ஒலியாகவும் காணொளியாகவும் பதிந்து, எழுத்தாக்கி, காப்பகத்தில் சேர்க்கும் வேலை. எலான் என்ற இலவச மென்பொருளைத் திறந்தால் மேலே ஒலியலை ஓடும். அதன் கீழே முதல் வரியில் பாட்டி சொன்னது சொன்னபடி, அடுத்ததில் சொல்லுக்குச் சொல் பொருள், மூன்றாவதில் மொழிபெயர்ப்பு. இருமலையும் விடக் கூடாது, கேட்பவர் போட்ட 'உம்'மையும் விடக் கூடாது. ஒரு நிமிடப் பேச்சுக்கு ஒரு மணி நேரம் போய்விடும். பொறுமை இல்லாதவர்கள் முதல் வாரமே ஓடிவிடுவார்கள்.

இதில் சட்டச் சிக்கலும் உண்டு, மரியாதைச் சிக்கலும் உண்டு. அமெரிக்கப் பழங்குடியினரான நவஹோ மக்களிடம் சில கதைகளைக் குளிர்காலத்தில் மட்டுமே சொல்லலாம். சில சமூகங்களில் பெண்கள் மட்டும், அல்லது ஆண்கள் மட்டும் கேட்கலாம் என்ற விதி உண்டு. எந்தப் பதிவை யாருக்குத் திறப்பது என்பதைச் சமூகமே தீர்மானிக்க வசதியாக முகுர்த்து என்ற மென்பொருள், ஆஸ்திரேலியாவின் வாருமுங்கு பழங்குடி மக்களோடு சேர்ந்து உருவானது. மாமாவிடம் சொல்லுங்கள், அவர் விரும்பும் கணினிக்கு இங்கேயும் இடம் இருக்கிறது. பைத்தான் என்ற நிரல்மொழி தெரிந்த கதை ஆய்வாளரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

ஆஸ்திரேலியாவில் 2003-இல் தொடங்கிய பாராடிசெக் காப்பகத்தில் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மொழிகளின் பதிவுகள் உள்ளன. பழைய ஒலிநாடாக்களைக் கணினிக் கோப்புகளாக்கவும், விவரக்குறிப்பு எழுதவும், உரிமை பார்க்கவும் இத்தகைய இடங்களுக்கு ஆள் தேவை. ஒளிக்காமல் சொல்கிறேன்: பெரும்பாலும் திட்டத்துக்குத் திட்டம் ஒப்பந்த வேலை. ஓய்வூதியம் வரை ஒரே நாற்காலி என்று கனவு காணாதீர்கள். அருங்காட்சியகம், நூலகம், குரல்வழித் தொழில்நுட்பத்துக்கான மொழித் தரவு என்று பக்கத்துக் கதவுகளும் உண்டு.

"இதுதான் என்றால் பேர் பெற்ற வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்திலாவது சேர்க்கிறேன், வீட்டை அடகு வைக்கிறேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். வைக்காதீர்கள். பல சமூகங்களின் பழங்கதைகளை ஒப்பிடும் 'ஒப்பீட்டுத் தொன்மவியல்' என்று பெயர் போட்ட முதுகலைக்கு அந்தக் கடனைத் திருப்பும் சம்பளம் வராது. இளங்கலை மொழியியல், கட்டணம் குறைந்த அரசுக் கல்லூரியில். முனைவர் பட்டம், உதவித்தொகை கிடைத்தால் மட்டும். கிடைக்காவிட்டால் அந்த வருடம் வேலைக்குப் போகட்டும், மறுவருடம் மறுபடி விண்ணப்பிக்கட்டும்.

இந்த விடுமுறையில் வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் பத்து நிமிடக் கதையை அவள் கைபேசியில் பதிந்து, எலானில் மூன்று வரியாக எழுதி முடிக்கட்டும். முடித்ததும் எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். பாதியில் அலுத்துப்போனால் அதையும் மறைக்காமல் எழுதட்டும். அப்போது வேறு படிப்பு பேசலாம், பொறியியல் உட்பட.