ஃப்ளஷ் பண்ணினால் முழுதாகப் போகவில்லை, கிளோசெட்டையே மாற்ற வேண்டுமா?

பட்டனை அழுத்தினால் தண்ணீர் வருகிறது, போக வேண்டியது மட்டும் போக மாட்டேன் என்கிறது, இரண்டு மூன்று முறை அழுத்த வேண்டியிருக்கிறது, பிளம்பரோ மொத்தத்தையும் கழற்றி மாற்றச் சொல்கிறார் என்று கேட்டிருக்கிறீர்கள். மாற்றுவதெல்லாம் கடைசிப் பேச்சு. கோளாறு எந்தப் பக்கம் என்று தெரிந்துகொள்ள முதலில் ஒரு பக்கெட் தண்ணீர் போதும்.

எட்டுப் பத்து லிட்டர் பிடிக்கும் பக்கெட்டை நிரப்பி, ஃப்ளஷ்ஷைத் தொடாமல், கிளோசெட்டின் கோப்பைக்குள் ஒரே வீச்சில் ஊற்றுங்கள். தண்ணீர் விளிம்பு வரை ஏறினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். எல்லாம் சட்டென்று உள்ளே போய்விட்டதா? கோப்பையும் அதற்குக் கீழே உள்ள குழாயும் நன்றாக இருக்கின்றன. குறை டேங்க்கில், அல்லது டேங்க்கிலிருந்து கோப்பைக்குத் தண்ணீர் வரும் வழியில். மேலே ஏறி நின்று மெதுவாக இறங்கினால் அடைப்பு. இதைப் பார்க்காமல் டேங்க் சாமான்களை வாங்கி மாற்றுகிறவர்களும் உண்டு.

டேங்க் பக்கம் என்றால் மூடியைத் திறங்கள். பீங்கான் மூடியாக இருந்தால் தரையில் துணி விரித்து வையுங்கள். கை தவறினால் உடைந்துவிடும். உள்ளே ஒரு கோடு போட்டிருக்கும், தண்ணீர் அதுவரை நிற்க வேண்டும். கோடு இல்லாவிட்டால் ஓவர்ஃப்ளோ குழாயின் (டேங்க்குக்குள் நிமிர்ந்து நின்று, மிஞ்சிய தண்ணீரைக் கோப்பைக்குள் விடும் குழாய்) வாய்க்கு ஓர் அங்குலம் கீழே. அதைவிட இறங்கி நின்றால் மிதவையின் திருகைத் திருப்பி உயர்த்துங்கள். அதற்காக ஓவர்ஃப்ளோ வாய் வரை ஏற்றிவிடாதீர்கள், இரவெல்லாம் சத்தமில்லாமல் தண்ணீர் போய்க்கொண்டிருக்கும். தண்ணீர் மிச்சம் பிடிக்க யாராவது செங்கலோ பாட்டிலோ உள்ளே போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். ஒரு முறை அரைகுறையாகப் போய் இரண்டு முறை அழுத்தினால் அதில் என்ன மிச்சம்?

மூடி திறந்தபடியே ஒருமுறை ஃப்ளஷ் செய்து பாருங்கள். அடியில் இருக்கும் ரப்பர் மூடி முழுக்கத் தூக்கிக்கொள்கிறதா, டேங்க் ஏறக்குறையக் காலியாகும் வரை திறந்தே நிற்கிறதா? சங்கிலி வகையில், சங்கிலி தொய்ந்து கிடந்தால் ரப்பர் அரைகுறையாக எழும்பிப் பாதித் தண்ணீரிலேயே மூடிக்கொள்ளும். ஒரு கண்ணி இரண்டு கண்ணி தள்ளி மாட்டினால் சரியாகும். இழுத்துக் கட்டியதுபோல் மாட்டினாலும் தப்பு, அப்போது மூடாமல் கசியும். பட்டன் வகையில், பட்டனுக்குக் கீழே இருக்கும் குச்சி வால்வை எட்டுகிறதா என்று பாருங்கள். இரட்டைப் பட்டனில் சின்னது 3 லிட்டர், பெரியது 6 லிட்டர் விடும் கணக்கு பரவலாக உண்டு. எல்லாவற்றுக்கும் சின்னதையே அழுத்திவிட்டு டேங்க்கைத் திட்டுகிற ஆட்களும் இருக்கிறார்கள்.

எங்கள் வீட்டில் டேங்க்கும் சரி, பக்கெட் சோதனையும் சரி, ஆனாலும் ஃப்ளஷ்ஷில் வேகமில்லை. காரணம் விளிம்புக்கு அடியில் இருந்தது. அங்கே சுற்றிலும் சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும், தண்ணீர் அவற்றின் வழியாகத்தான் நாலா பக்கமும் இறங்கும். உப்புத் தண்ணீராக இருந்தால் வருடக்கணக்கில் அதில் கறை படிந்து ஓட்டை சுருங்கிக்கொண்டே வரும். ஃப்ளஷ் செய்யும்போது கவனித்தால் தெரியும்: ஒரு பக்கம் மட்டும் தண்ணீர் வழியும், எதிர்ப்பக்கம் நனையக்கூட நனையாது. சின்னக் கண்ணாடியை விளிம்புக்கு அடியில் பிடித்து, செல்போன் டார்ச்சை அடித்துப் பார்த்தேன். பாதி ஓட்டைகள் சாம்பல் நிறத்தில் காறையாக அடைந்து கிடந்தன, மீதியில் ஊசி நுழையும் இடம்தான்.

டேங்க்குக்குத் தண்ணீர் விடும் ஆங்கிள் காக் குழாயை மூடி, டேங்க்கைக் காலி செய்து, விளிம்பைத் துடைத்தேன். பழைய துணிக் கிழிசலை வினிகரில் நனைத்து விளிம்புக்கு அடியில் சுற்றிலும் திணித்து இரவு முழுக்க விட்டேன். சிட்ரிக் அமிலப் பொடியை வெந்நீரில் கரைத்தும் இதைச் செய்யலாம். காலையில் பிளாஸ்டிக் உறை போட்ட கம்பியால் ஒவ்வொரு ஓட்டையாகக் குத்தினால் கறை பொருக்குப் பொருக்காக உதிர்ந்து விழுந்தது. வெறும் இரும்புக் கம்பி வேண்டாம், பீங்கானின் பளபளப்பைக் கீறிவிடும். விளிம்பே இல்லாத புது மாடல் கோப்பையில் இந்த வேலை கிடையாது.

ஆசிட் ஊற்றினால் சீக்கிரம் ஆகாதா என்று கேட்பீர்கள். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. உலோகப் பாகங்களையும் டைல் இடுக்குச் சிமெண்டையும் அரிக்கும், புகை நெஞ்சைக் கமறவைக்கும். அதே இடத்தில் பிளீச்சிங் பவுடரும் போட்டிருந்தால் குளோரின் வாயு கிளம்பும், அடைத்த அறையில் உயிருக்கே ஆபத்து.

அடைப்பு என்றால் பிளஞ்சர், அதாவது குச்சி முனையில் ரப்பர் கிண்ணம் வைத்த சாமான். அடியில் கூடுதலாக ஒரு ரப்பர் கழுத்து நீட்டியிருக்கும் வகைதான் கோப்பைக்குச் சரிப்படும். ரப்பர் மூழ்கும் அளவு தண்ணீர் இருக்கட்டும். முதல் அழுத்தம் மெதுவாக, உள்ளே இருக்கும் காற்று வெளியேறட்டும், பிறகு வேகமாக. தள்ளுவதைப் போலவே இழுப்பதிலும் பலம் வேண்டும். ஏற்கெனவே ரசாயனம் ஊற்றியிருந்தால் பிளஞ்சரைத் தொடாதீர்கள், முகத்தில் தெறிக்கும். சோப்புப் பெட்டி மாதிரி ஏதாவது உள்ளே விழுந்திருந்தால் தள்ளத் தள்ள இன்னும் ஆழமாகப் போகும், சுருள் கம்பி விட்டுத்தான் எடுக்க வேண்டும்.

ஃப்ளஷ் செய்யும்போது குளியலறைத் தரை ஜாலியில் 'களக் களக்' என்று சத்தம் வருகிறதா, மற்றக் குழாய்களும் மந்தமாக வடிகின்றனவா? அப்படியானால் கோப்பையை விட்டுவிடுங்கள். வென்ட் குழாய் (கழிவுக் குழாய்க்குள் காற்று போய்வர விட்டிருக்கும் குழாய்) அடைத்திருக்கலாம், மெயின் லைன் அடைத்திருக்கலாம், செப்டிக் டேங்க் நிரம்பியிருக்கலாம். அதற்கு ஆள் கூப்பிடத்தான் வேண்டும்.

உங்கள் பிளம்பர் சொல்வது நியாயமாகும் இடங்களும் உண்டு. கோப்பையில் விரிசல் இருந்தால் மாற்றியே ஆக வேண்டும். இன்னொன்று, அதிகத் தண்ணீருக்காகச் செய்த பழைய கோப்பையில் பின்னாளில் யாராவது 6 லிட்டர் டேங்க்கைப் பொருத்தியிருப்பது. அதில் எந்தத் திருகைத் திருப்பினாலும் ஃப்ளஷ் பலவீனமாகத்தான் இருக்கும். ஆனால் அங்கேயும் பெரிய டேங்க் கிடைத்தால் அதை மாட்டிப் பாருங்கள், கோப்பையைப் பெயர்க்க வேண்டியிருக்காது.