வாய் துர்நாற்றமும் சைனஸும்: வாசகர் கேள்விகளுக்கு மருத்துவர் பதில்

கேள்வி: எனக்கு வயது 38. இரண்டு ஆண்டுகளாக வாய் துர்நாற்றம் இருக்கிறது. காலையும் இரவும் பல் துலக்குகிறேன். வாய் கொப்பளிக்கும் மருந்தையும் விடாமல் பயன்படுத்துகிறேன். பல்லில் குறை எதுவும் தெரியவில்லை என்று பல் மருத்துவர் பார்த்துவிட்டுச் சொன்னார். வலப்பக்க மூக்கு அடிக்கடி அடைத்துக்கொள்கிறது; காலையில் தொண்டையில் கெட்டிச் சளி நிற்கிறது. யாரிடமும் அருகில் நின்று பேசவே கூசுகிறது. இதற்கு சைனஸ் காரணமாக இருக்குமா?

பதில்: இருக்கக்கூடும். நீங்கள் தினமும் இவ்வளவு கவனம் எடுத்தும் நாற்றம் போகவில்லை என்றால் அது உங்கள் சுத்தக் குறைவால் வந்ததன்று. ஆகவே முதலில் அந்தக் கூச்சத்தை விட்டுவிட்டு, நாற்றம் எங்கிருந்து வருகிறது என்பதைக் கண்டறிவோம்.

வாய் துர்நாற்றம் பெரும்பாலும் வாய்க்குள்ளேயேதான் உண்டாகிறது. நாக்கின் பின்பகுதியிலும் ஈறு இடுக்குகளிலும் காற்றுப் படாமல் வாழும் பாக்டீரியாக்கள் புரதங்களைச் சிதைக்கும்போது, அழுகிய முட்டை வாடை கொண்ட ஹைட்ரஜன் சல்பைடு போன்ற கந்தக வாயுக்கள் வெளியாகின்றன. மூக்கைச் சுற்றியுள்ள எலும்புகளுக்குள் இருக்கும் காற்றறைகளான சைனஸ்களில் தொல்லை இருந்தால், மூக்கின் பின்புறமாக இறங்கும் சளி அந்தப் பாக்டீரியாக்களுக்கு இரையாகிறது. மூக்கு அடைத்திருப்பதால் இரவு முழுவதும் வாயால் மூச்சு விட நேர்ந்து, வாயைக் கழுவிக்கொண்டே இருக்க வேண்டிய உமிழ்நீரும் வற்றிவிடுகிறது. சைனஸில் சீழ் தேங்கியிருந்தால் அந்தச் சீழே நாறும்.

நீங்கள் நம்பும் ஒருவரின் உதவியோடு வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். வாயை மூடி மூக்கால் மட்டும் மூச்சை வெளியே விடுங்கள்; பிறகு மூக்கைப் பிடித்துக்கொண்டு வாயால் விடுங்கள். மூக்குக் காற்றில் மட்டும் நாற்றம் இருந்தால் மூக்கையும் சைனஸையும், வாய்க் காற்றில் மட்டும் இருந்தால் நாக்கு, ஈறு, டான்சில் ஆகியவற்றையும் முதலில் சந்தேகிக்க வேண்டும். இதைத் தனியாகச் செய்து பயனில்லை. நம் நாற்றத்துக்கு நம் மூக்கு பழகிவிடுகிறது, நாள்பட்ட சைனஸ் அழற்சியில் முகரும் திறனும் குறைந்துவிடும்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது ‘வலப்பக்க மூக்கு’ என்ற சொல். கன்னத்தின் உள்ளே இருக்கும் சைனஸின் தரைப்பகுதி, மேல் கடைவாய்ப் பற்களின் வேர்களுக்கு மிக அருகில் இருக்கிறது. இடையில் மெல்லிய எலும்புதான் உண்டு. ஒரு பல்லின் வேர்நுனியில் தொற்று ஏற்பட்டால் அது சைனஸுக்குள் பரவி, ஒரு பக்கம் மட்டும் அடைப்பையும் துர்நாற்றமுள்ள சளியையும் உண்டாக்கலாம். இதில் பல் வலி இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. முன்பு அடைத்த பல்லோ வேர் சிகிச்சை செய்த பல்லோ வெளியிலிருந்து பார்க்க நன்றாகவே இருக்கும்; சாதாரண எக்ஸ்ரேயில்கூடச் சில நேரம் பிடிபடாது, சி.டி. ஸ்கேனில்தான் தெளிவாகத் தெரியும். அந்தப் பல்லைக் கவனிக்காமல் சைனஸுக்கு மட்டும் மருந்து சாப்பிட்டால், மருந்து தீர்ந்ததும் தொல்லை திரும்பிவிடும். எனவே, காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் செல்லும்போது, வலப்பக்க மேல் பற்களில் இதுவரை செய்த சிகிச்சைகளை எல்லாம் நினைவுபடுத்தி அவரிடம் சொல்லுங்கள். பூஞ்சைத் திரட்சியும் சதை வளர்ச்சியும்கூட ஒரு பக்க அடைப்பைத் தரும் என்பதால், அவர் எண்டோஸ்கோப் என்ற மெல்லிய கேமராக் குழாய் வழியாகப் பார்ப்பது அவசியம். அந்தப் பக்கத்திலிருந்து ரத்தமும் வந்தால் தள்ளிப்போடவே கூடாது.

அதுவரை, நாக்கின் பின்பகுதியைத் தினமும் மென்மையாக வழியுங்கள்; பல் இடுக்குகளை நூலாலோ சிறு தூரிகையாலோ சுத்தம் செய்யுங்கள். ஆல்கஹால் கலந்த கொப்பளிப்பு மருந்து வாயை வறளச் செய்யலாம். ஒவ்வாமைக்கான மாத்திரைகள் சிலவும் அப்படியே. கைவசம் இருக்கிறது என்பதற்காக ஆன்டிபயாடிக் மாத்திரைகளை நீங்களாகச் சாப்பிடாதீர்கள்.

கேள்வி: சைனஸுக்கு உப்பு நீரால் மூக்கைக் கழுவலாமா? சொட்டு மருந்தே எளிதாக இருக்கிறதே?

பதில்: கழுவலாம், 12 வாரங்களுக்கு மேல் நீடிக்கும் சைனஸ் அழற்சியில் மருத்துவர்கள் முதலில் சொல்வதில் இதுவும் ஒன்று. ஆனால் குழாய் நீரை அப்படியே பயன்படுத்தக் கூடாது. மூளையைத் தாக்கும் நெக்லேரியா என்ற அமீபா, அரிதாகவே என்றாலும், மூக்கில் ஏறும் நீர் வழியாக நுழைந்து உயிரைப் பறிக்கிறது. நன்றாகக் கொதிக்க வைத்து ஆறவிட்ட நீரில், லிட்டருக்கு 9 கிராம் என்ற அளவில் சுத்தமான உப்பைக் கரையுங்கள். கழுவும் குப்பியையும் ஒவ்வொரு முறையும் கழுவி உலரவிடுங்கள்.

அடைப்பை உடனே திறக்கும் சொட்டு மருந்தை 5 நாட்களுக்கு மேல் தொடர்ந்தால், மருந்தின் வேகம் குறைந்தவுடன் மூக்கு முன்னைவிட மோசமாக அடைத்துக்கொள்ளும். மருத்துவர் எழுதித் தரும் ஸ்டீராய்டு ஸ்பிரே வேறு வகை. அது மெதுவாக வேலை செய்வது, சில வாரங்கள் பொறுக்க வேண்டும். இடையே கண்ணைச் சுற்றி வீக்கம், பார்வை மங்கல், காய்ச்சலோடு கடும் தலைவலி ஆகியவற்றில் எது வந்தாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.