பெரியவர்களுக்கும் தாலாட்டு கேட்டால் மனம் அடங்குவது ஏன்?

முதலில் மூச்சு. ‘ஆராரோ ஆரிரரோ’ என்று பாடிப் பாருங்கள். கடைசி ‘ரோ’வை இழுக்க இழுக்க மூச்சு மெல்ல, நீளமாக வெளியே போகும், அப்போது இதயத் துடிப்பும் தணியும். அதனால், கேட்பதைவிடத் தாழ்ந்த குரலில் நீங்களே பாடுவது நல்லது என்பேன். ராகம் தெரிய வேண்டியதில்லை. மெட்டு பெரும்பாலும் சில சுரங்களுக்குள்ளேயே சுற்றும், சேலைத் தூளி ஆடும் வேகத்தைத் தாண்டாது.

ஆனால் எனக்குப் பெரிதாகப் படுவது பாட்டின் பொருள். அழும் பிள்ளையை அதட்டாமல், யார் அடித்தார்கள் என்று கேட்கிறாள் தாய். அத்தை அல்லிப்பூச் செண்டால் அடித்தாளோ, மாமன் மல்லிகைப்பூச் செண்டால் அடித்தானோ? பூவால் அடித்தால் வலிக்குமா! ஆனாலும் அழுகையைப் பொய் என்று அவள் தள்ளுவதில்லை. அந்த ஆதரவு எந்த வயதிலும் வேண்டியிருக்கிறது.

பிறந்த வீட்டு ஏக்கம், புகுந்த வீட்டு வருத்தம் எல்லாவற்றையும் நாட்டுப்புறத் தாலாட்டில் கொட்டிவிடுவார்கள். கைக்குழந்தை யாரிடமும் போய்ச் சொல்லாது. பாடுகிறவளின் பாரமும் அங்கேதான் இறங்கியது.

தூக்கம் வராத இரவில், வாத்தியங்கள் நிறைந்த பதிவைவிட வெறும் குரலில் பாடியதைத் தேடிக் கேளுங்கள்.